பழைய பெட்டியும் புதுக் கூட்டமும்

தேனீ வளர்ப்பில் இறங்க நினைக்கிறவர் முதலில் கணக்குப் போடுவது பெட்டிக்குத்தான். தேனீக்களை மரப்பொந்திலிருந்தோ சுவர் இடுக்கிலிருந்தோ பிடித்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள ஒருவரிடம் கூட்டத்தைப் பிரித்தும் வாங்கிக்கொள்ளலாம். பெட்டி, அதை நிறுத்தும் கால், எறும்புக் கிண்ணம், புகைப்பான், முகவலை, தேன் பிழியும் இயந்திரம் என்று பட்டியல் நீளும்போதுதான் கை தயங்குகிறது. அந்த நேரத்தில் தொழிலை விட்டவர் வீட்டுப் பின்கட்டில் அடுக்கிக் கிடக்கும் பெட்டிகளைப் பற்றிச் செய்தி வரும். வாங்கலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். பலகைதானே, கழுவிக் காயவைத்தால் போதும் என்பார் ஒருவர். பழைய பெட்டி நோயைக் கொண்டுவரும், தொடவே கூடாது என்பார் மேல்நாட்டுக் கையேடு படித்த இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு; ஆனால் பெட்டியை ஒரே பொருளாகப் பார்ப்பதால் இருவருமே வழி தவறுகிறார்கள். பழைய தேன் பெட்டி என்பது மரமும் உலோகமும் மெழுகும் சேர்ந்தது. இம்மூன்றின் குணமும் வேறு, ஆபத்தும் வேறு. தென்னிந்தியாவில், நம் அடுக்குத் தேனீயை வைத்துத் தொடங்குகிறவர் பழைய மரத்தைத் தயங்காமல் வாங்கலாம், உலோகத்தைப் பார்த்து வாங்கலாம், மெழுகை வாங்கவே கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. மரத்திலும் அளவு பொருந்தாததை இனாமாகக் கொடுத்தாலும் ஏற்கக் கூடாது. இந்த முடிவுக்கான காரணங்கள் பெரும்பாலும் நம் தேனீயின் இயல்பிலும் நம் ஊர்ப் பெட்டிகளின் வரலாற்றிலும் இருக்கின்றன.

வரலாற்றைத் தொட்டுவிட்டுப் போனால்தான் அளவுச் சிக்கல் புரியும். அடையை அறுக்காமல் தேனெடுக்க உதவும் நகரும் சட்டப் பெட்டிக்கு அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் 1852இல் காப்புரிமை பெற்றார். தேனீக்கள் தாங்கள் நடமாடுவதற்கென்று விடும் இடைவெளி ஒன்று உண்டு, அதைச் சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் விட்டால் அங்கே அவை அடை கட்டாது என்பது அவர் பயன்படுத்திக்கொண்ட உண்மை. அந்தப் பெட்டி ஐரோப்பியத் தேனீக்காகச் செய்யப்பட்டது. நம் தேனீ உருவத்தில் சிறியது, கூட்டமும் சிறியது. அந்தப் பெரிய அறையை அதனால் நிரப்பவோ சூடாக வைத்திருக்கவோ முடியாது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பாதிரியார் நியூட்டன் 1910க்குப் பிறகான ஆண்டுகளில் நம் தேனீக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சியும் கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் அது வழங்குகிறது. 1920களில், அப்போது திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஊரகச் சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பை ஏழைக் குடும்பங்களுக்கான துணைத் தொழிலாகப் பரப்பினார். அங்கே சற்று மாறுபட்ட மார்த்தாண்டம் பெட்டி நிலைபெற்றது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் ரப்பர் மரத்தின் மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் மதுரம் சுரக்கிறது. அந்த இலைத்தேன் இப்பகுதிக்குப் பெருவருவாய் ஆயிற்று. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த நூறாண்டில் நியூட்டன் அளவு, மார்த்தாண்டம் அளவு, இந்தியத் தர அமைவனத்தின் அளவு, ஐரோப்பியத் தேனீ வகையான இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் அளவு, இவை எதிலும் சேராமல் உள்ளூர்த் தச்சர் கண்ணளவில் செய்த அளவு என்று பலவும் ஊருக்குள் கலந்து கிடக்கின்றன. பழைய சாமான் வாங்குகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கலப்பில்தான்.

நோயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அளவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் புதியவரை முதல் ஆண்டிலேயே தொழிலை விட்டு ஓடச் செய்வதில் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. நியூட்டன் பெட்டியின் புழு அறைச் சட்டம் உள்ளளவில் ஏறத்தாழ 8¼ அங்குல நீளம், 5¾ அங்குல உயரம். ஓர் அறைக்கு ஏழு சட்டங்கள். லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் வெளியளவு 17⅝ அங்குலம், 9⅛ அங்குலம். ஓர் அறைக்குப் பத்து. இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஒன்றுபோலத் தோன்றி அரை அங்குலம் மாறும் இரண்டு பெட்டிகள்தான் ஆபத்து. ஒரு பெட்டியின் சட்டத்தை இன்னொன்றில் தொங்கவிட்டால் பக்கத்தில் இடைவெளி கூடும், அல்லது கீழே அடிப்பலகையில் இடிக்கும். இடைவெளி 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் தேனீ அங்கே குறுக்கடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். அடுத்த முறை சட்டத்தைத் தூக்கும்போது அடை கிழிகிறது, தேன் வழிகிறது, புழுக்கள் நசுங்குகின்றன, கூட்டம் சினம் கொள்கிறது. இடைவெளி மிகக் குறைந்தால் தேனீ நுழைய முடியாது. அந்த இருட்டு மூலை மெழுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கு அடைக்கலமாகும். சட்டங்களின் நெருக்கமும் இப்படித்தான். நம் தேனீயின் அடைகள் நடுவுக்கு நடுவு 32 மில்லிமீட்டர் அளவில் அமைகின்றன. ஐரோப்பியத் தேனீக்கு 35 அல்லது அதற்கு மேல். இத்தாலியப் பெட்டியின் சட்டத் தலைக்கட்டைகளை அறுத்துச் சின்னப் பெட்டிக்கு மாற்றியிருந்தால் அகலம் பழைய அளவிலேயே நிற்கும். தேனீ ஒரு சட்டத்துக்கு ஓர் அடை என்ற ஒழுங்கைக் கைவிட்டுக் குறுக்கே கட்டும். பழைய மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கி வளைந்திருப்பதும் உண்டு. ஆகவே பெட்டி பார்க்கப் போகிறவர் கையில் ஒரு நாடாவும், தான் ஏற்கெனவே தேர்ந்துகொண்ட அளவில் ஒரே ஒரு நல்ல சட்டமும் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை அங்கே உள்ள ஒவ்வொரு அறையிலும் தொங்கவிட்டுப் பார்க்கலாம். இரு பக்கமும் அடியிலும் ஒரு பென்சில் கனத்துக்கு இடம் விட்டு அது தடையின்றி நகர்ந்தால் அந்த அறையை எடுக்கலாம். தன் ஊரில் பக்கத்துக்காரர்கள் எந்த அளவைப் பயன்படுத்துகிறார்களோ அதையே எடுப்பது நல்லது. கூட்டம் வாங்க, அடை கடன் வாங்க, ராணியில்லாத கூட்டத்துக்கு முட்டை உள்ள ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பொருத்தம் தேவைப்படும்.

இனி நோய். தென்னிந்தியாவில் காலிப் பெட்டிகள் ஏன் இவ்வளவு சேர்ந்தன என்பதிலேயே அதற்கான பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. தாய்லாந்துப் பைப்புழு நோய் என்று அழைக்கப்படும் வைரஸ் நோய் 1970களின் பிற்பகுதியில் இந்தியாவின் வடகிழக்கில் தென்பட்டது. 1991-92இல் கேரளத்திலும் கன்னியாகுமரி உள்ளிட்ட தமிழகப் பகுதிகளிலும் கர்நாடகத்திலும் பரவி, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அடுக்குத் தேனீக் கூட்டங்களை அழித்தது. தலைமுறையாகத் தேனை நம்பிய குடும்பங்களின் ஒரு பருவ வருவாய் முழுவதும் போயிற்று. பெட்டிகள் எஞ்சின, தேனீக்கள் இல்லை. சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள், சிலர் பிழைத்த கூட்டங்களிலிருந்து மெல்ல மீண்டார்கள். அந்த நோயின் போக்கை அறிந்தால் அந்தப் பெட்டிகளைப் பற்றிய அச்சம் எவ்வளவு நியாயம் என்று தெரியும். வைரஸ் தாக்கிய புழு கூட்டுப்புழுவாக மாறாமல் அறையில் மல்லாந்து, தலை தூக்கி, தோலுக்குள் நீர் கோத்துப் பை போலாகி இறக்கிறது. அதைத் துப்புரவு செய்யும் இளந்தேனீ வைரஸை வாங்கிக்கொண்டு, ஊட்டும் உணவின் வழியே மற்றப் புழுக்களுக்குக் கொடுக்கிறது. வைரஸ் வாழ்வதற்கு உயிருள்ள தேனீ வேண்டும். இறந்து உலர்ந்த புழுவில் சில வாரங்களுக்குள் அது வீரியம் இழந்துவிடுகிறது. எனவே அடையெல்லாம் நீக்கி, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் ஒரு மரப்பெட்டி அந்நோயைத் தாங்கி நிற்க இயலாது. நேற்றுவரை நோய்க் கூட்டம் இருந்த பெட்டியின் கதை வேறு. தேனும் மகரந்தமும் அடையில் ஈரத்தோடு இருக்கும்போது அதை வாங்கி மறுநாளே புதுக் கூட்டத்தை விடுகிறவர் நோயையும் சேர்த்தே வாங்குகிறார்.

மேல்நாட்டுக் கையேடுகள் பழைய பெட்டியைக் கண்டு அஞ்சுவது இதனால் அல்ல. அவற்றின் அச்சம் அமெரிக்கப் புழு அழுகல் என்ற பாக்டீரியா நோய். அதன் வித்துகள் மரத்திலும் மெழுகிலும் 35 ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து, ஏற்ற புழு கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் அந்நோய் கண்ட கூட்டத்தையும் சட்டங்களையும் குழி வெட்டி எரிப்பதே விதி. நியூசிலாந்தில் அந்நோயை ஒழிக்கவே தேசிய அளவில் ஒரு திட்டம் நடக்கிறது. மரச் சாமான்களை 160 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிய பாரஃபின் மெழுகில் பத்து நிமிடம் முக்கியெடுப்பது அங்கே ஏற்கப்பட்ட முறை. அந்த நாடுகளில், வரலாறு தெரியாத பெட்டியை வாங்காதே என்பது சரியான அறிவுரை. நம் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவரும்போதுதான் பிழை நேர்கிறது. தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீயைக் கூண்டோடு அழித்தது அந்த நோய் அன்று. நோயுற்ற புழுவை விரைவில் கண்டு வெளியே எறியும் பழக்கம் நம் தேனீக்கு மிகுதி. ஆனாலும் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிட நான் சொல்ல மாட்டேன். இத்தாலியத் தேனீ வைத்திருந்த பெட்டி என்றால் மேல்நாட்டு எச்சரிக்கை பெருமளவு பொருந்தும். ஐரோப்பியப் புழு அழுகல் நம் தேனீயையும் தாக்குகிறது. அதன் கிருமிக்கு வித்து இல்லையென்றாலும் அடையில் நீண்ட காலம் தங்குகிறது. மொத்தத்தில் பார்த்தால் எல்லா நோய்களின் பாதைகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: புழு வளர்ந்த மெழுகு அடையில். மரத்தைச் சுரண்டலாம், கொதிநீரில் கழுவலாம், தீயில் வாட்டலாம். அடையை இவற்றில் எதுவும் செய்ய முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கட்டி முடித்த அடைதான் பழைய சாமானிலேயே விலை மதிப்புள்ள பகுதி அல்லவா? ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ வரை தேனைச் செலவிடுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அடை தயாராக இருந்தால் அந்தத் தேன் நமக்கு மிஞ்சும், ராணி முதல் நாளே முட்டையிடத் தொடங்கும் என்று வாதிடலாம். ஐரோப்பியத் தேனீ வளர்க்கிறவருக்கு இது பொருந்தும். அவர்கள் அடையைப் பொன்போலச் சேமிக்கிறார்கள். அடுக்குத் தேனீயிடம் இந்தக் கணக்கு பாதிக்கு மேல் உடைந்துபோகிறது. நம் தேனீ கறுத்த அடையை விரும்பாது. பழைய அடையைக் கடித்துப் பொடியாக்கி அடிப்பலகையில் தள்ளிவிட்டு, வெள்ளை வெளேரென்று புதிது கட்டுவது அதன் வழக்கம். கூட்டம் வளரும் காலத்தில் காலையில் மூடியைத் திறந்தால் அடிப்பலகையில் தவிட்டு நிறத் தூள் படிந்திருப்பதைக் காணலாம். அந்தத் தூளில்தான் மெழுகு அந்துப்பூச்சியின் புழு முதலில் பிழைக்கிறது. ஆகவே விலை கொடுத்து வாங்கிய கறுப்பு அடை தேனீக்கு மிச்சப்படுத்துவதை விட வேலை வைப்பதே அதிகம். மெழுகாலான அடிப்படைத் தகடும்கூட இல்லாமல், சட்டத்தின் மேல்கட்டையின் அடியில் மெழுகை ஒரு கோடாக உருக்கிவிட்டாலே நம் தேனீ நேராகக் கட்டும். சர்க்கரைப் பாகும் பூப்பருவமும் சேர்ந்தால் நல்ல கூட்டம் சில நாட்களிலேயே உள்ளங்கை அகல அடைகளைத் தொங்கவிடும். இத்தாலியத் தேனீயின் அடைகளில் இன்னொரு கேடும் சேர்ந்திருக்கலாம்: ஒட்டுண்ணியைக் கொல்லப் போடும் மருந்துகள் மெழுகில் கரைந்து ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. எனவே பழைய அடையோடு பெட்டி வந்தால் அடையை அறுத்து உருக்கி, மெழுகை விளக்குக்கோ தச்சு வேலைக்கோ விட்டுவிடுவது சரி. அடைக்கென்று தனி விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மெழுகு அந்துப்பூச்சியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் காலிப் பெட்டியில் நாம் உண்மையாகக் காணும் சேதம் பெரும்பாலும் அதனுடையது. தேனீ இல்லாத பெட்டியில் அடையை விட்டுவைத்தால் சில வாரங்களில் சிலந்தி வலை போன்ற நூற்படலம் அடை முழுவதும் படர்ந்துவிடும். புழு கூடு கட்டும் முன் மரத்தைக் கடித்துக் குழி செய்து அதில் பதிந்துகொள்கிறது. பழைய சட்டத்தின் பக்கக்கட்டையில் படகு வடிவில், நெல்மணி அளவில் வரிசையாகக் குழிகள் தென்பட்டால் அது அந்தப் பூச்சி இருந்து போன தடம். குழிகள் ஆழமில்லாமல் நாலைந்து இருந்தால் சுரண்டிப் பயன்படுத்தலாம். கட்டை அரித்து நகம் இறங்கும் அளவு மென்மையாகியிருந்தால் தேன் நிறைந்த அடையின் கனத்தைத் தாங்காது; அதை விறகில் சேர்க்கலாம். பூச்சியைப் பெட்டியிலிருந்து விலக்க அந்துருண்டை போட்டு மூடிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெருந்தவறு. நாஃப்தலீன் மரத்திலும் மெழுகிலும் ஏறிக்கொண்டு பின்னால் தேனில் வந்து சேரும். விற்பவரின் பெட்டியைத் திறந்ததும் அந்த நெடி வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுவதே நல்லது.

மரம் நல்லதாக இருந்தால் பழமை குறையன்று, நிறை என்றே சொல்வேன். பெட்டிக்குக் கடும் நெடி இல்லாத மரம் வேண்டும். புதுப்பலகையின் பச்சை வாசனையும் வண்ணப்பூச்சின் நெடியும் போகாத பெட்டியில் விட்ட அடுக்குத் தேனீ கூடு விட்டு ஓடுவதற்கு அஞ்சாது. ஓடிப்போவது அதற்கு இயல்பான குணமும்கூட. பல கூட்டங்கள் குடியிருந்த பெட்டியில் மெழுகின் மணம் ஊறியிருக்கும். குடி பிரிந்து புது இடம் தேடும் தேனீக்கு அந்த மணம் பெரிய ஈர்ப்பு. பிரியும் பருவத்தில் சுத்தம் செய்த பழைய பெட்டியை நிழலான இடத்தில், ஆளுயரத்துக்கு மேல் கட்டிவைத்தால் கூட்டம் தானாக வந்து குடியேற வாய்ப்பு உண்டு. புதுப் பெட்டிக்கு அந்த வாய்ப்பு குறைவு. கூட்டமும் செலவின்றிக் கிடைக்கும் வழி இது. தேக்குப் போன்ற மரத்தில் செய்த பழைய பெட்டி இருபது ஆண்டுக்குப் பிறகும் மூலை விடாமல் நிற்கும். இன்று மலிவாகச் செய்து விற்கப்படும் மென்மரப் பெட்டிகளில் பல இரண்டு மழைக்காலம் தாண்டினால் பெரிது. ஆகையால் புதிதா பழையதா என்று கேட்பதற்கு முன் என்ன மரம், மூலை எப்படிப் பிணைந்திருக்கிறது, அடிப்பலகை கரையான் பட்டதா என்று கேட்க வேண்டும். அடிப்பலகையையும் மேல்மூடியையும் மட்டும் புதிதாகச் செய்து, நடு அறைகளைப் பழையதாக வாங்குவது பெரும்பாலும் கட்டுபடியாகும். ஈரத்தை முதலில் வாங்குபவை அந்த இரண்டும்தான்.

சுத்தம் செய்வதை வேலையாக மதித்துச் செய்ய வேண்டும்; நீர் ஊற்றித் துடைப்பது சுத்தம் ஆகாது. முதலில் உளியாலோ கொத்துக்கரண்டியாலோ மெழுகு, பழைய கூட்டுப்புழுத் தோல், பூச்சிக் கூடு எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை சுரண்டி, விழுந்ததை எரித்துவிட வேண்டும். தரையில் விட்டால் ஊர்த் தேனீக்கள் அதில் மொய்க்கும். இருக்கும் நோய் அவற்றுக்குப் போகும். பிறகு சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் சில நாள் காயவிடலாம். கடைசியாகக் குழாய் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் ஊதுவிளக்கால் உட்பக்கம் முழுவதையும், முக்கியமாக மூலைகளையும் சட்டம் தொங்கும் விளிம்பையும், மரம் காப்பிப்பொடி நிறம் அடையும்வரை வாட்ட வேண்டும். கரியாகும் அளவு போக வேண்டாம். மற்றக் கிருமிகளுக்கும் பூச்சி முட்டைகளுக்கும் இது போதும். அமெரிக்கப் புழு அழுகலின் வித்துக்கு இதை முழுப் பாதுகாப்பு என்று நம்ப முடியாது; அதனால்தான் இத்தாலியத் தேனீப் பெட்டியாக இருந்து, நோயால் கூட்டம் செத்தது என்று ஐயம் இருந்தால் வாங்கவே கூடாது. சட்டங்களைப் பொறுத்தவரை கட்டை நேராக இருந்தால் மட்டும் இந்த உழைப்புக்குத் தகும். நாலு கட்டைத் துண்டுகளான அவற்றைப் புதிதாகச் செய்துகொள்வதே பலருக்கு எளிது. வெளிப்பக்கம் வெள்ளை அடித்தால் வெயிலைத் தாங்கும். உள்ளே எதையும் பூசக் கூடாது.

உலோகச் சாமான்களில் கேள்வி மாறுகிறது. அங்கே கேடு மனிதருக்கு. தேன் அமிலத் தன்மை உள்ளது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த பழைய பிழியும் இயந்திரத்தில் பூச்சு தேய்ந்திருந்தால் துத்தநாகமும் துருவும் தேனில் கலக்கும். பழைய தொட்டிகளின் இணைப்பு ஈயப் பற்றாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விரலால் உட்புறத்தைத் தடவினால் வெண்பொடியோ செந்துருவோ ஒட்டக் கூடாது. அடித்தையலில் சாம்பல் நிறப் பற்றுக்கோடு தெரிந்தால் விட்டுவிடலாம். எவர்சில்வர் தொட்டி என்றால் எத்தனை பழையதும் வாங்கத் தக்கது. பல்சக்கரம் தேய்ந்திருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் நிற்கும் கூடை தன் சட்ட அளவுக்குச் சேருமா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு பெட்டியோடு தொடங்குகிறவர் இயந்திரமே வாங்காமல் பக்கத்துக்காரரிடம் ஒரு நாள் கேட்டுப் பெறுவது இன்னும் நல்லது. புகைப்பானில் துருத்தித் தோல் கிழியாமல் இருந்தால் போதும். முகவலையைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். விலை சொற்பம், ஒரு கிழிசல் போதும் கண்ணிமையில் கொட்டு வாங்க.

இன்னொரு மறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டக்கலைத் துறையின் மானியமும் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் தேன் திட்டமும் இருக்கையில் பழையதை ஏன் துருவிப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். மானியம் கிடைக்கிறவர் பெறட்டும். அதற்கு நான் எதிரி அல்லன். ஆனால் மானியம் குறிப்பிட்ட எண்ணிக்கையில், குறிப்பிட்ட நேரத்தில் வருகிறது. தேனீ பருவத்தைப் பார்க்கிறது. ஒரு கூட்டத்தைக்கூடக் கையாண்டிராத ஒருவருக்குப் பத்துப் பெட்டி ஒரே நாளில் வந்து இறங்கினால், பஞ்சகாலத்தில் பாகு வைக்கத் தவறி, எறும்பைக் கவனிக்கத் தவறி, அவற்றில் பெரும்பாலானவை காலியாகும். பயில வேண்டியவருக்கு இரண்டு பெட்டி போதும். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம், ஒன்றில் ராணி இல்லாமல் போனால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடையை மாற்றலாம். அந்த இரண்டைப் பழையதாக வாங்கி மிச்சப்படும் பணத்தை நல்ல கூட்டத்துக்கும் சர்க்கரைக்கும் செலவிடுவதே முறை. ஏழையிடம் இத்தனை சோதனை, சுரண்டல், வாட்டல் என்று சுமத்துவது நியாயமா என்று கேட்பவரும் உண்டு. ஒரு நாள் உழைப்பு அது. கூட்டம் செத்தால் போவது ஓர் ஆண்டு.

கூட்டத்தோடு சேர்த்துப் பெட்டி விற்கப்படும்போது மேற்சொன்ன ஆறுதல்கள் பொருந்தா. வைரஸுக்கு வேண்டிய உயிர்த் தேனீ அங்கே இருக்கிறது. பட்டப்பகலில், மூடியைத் திறந்து, புழு அடையைக் கையிலெடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மூடிய அறைகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருந்தால் ராணி நல்லது. ஆங்காங்கே திறந்த அறைகளும், அவற்றில் தலை தூக்கி நிற்கும் மஞ்சள் அல்லது பழுப்புப் புழுவும் இருந்தால் ஊசி முனையால் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம்; நீர் நிறைந்த பை போல முழுசாக வந்தால் அது பைப்புழு நோய். முறுக்கிக்கொண்டு புளித்த நாற்றம் அடித்தால் ஐரோப்பிய அழுகல். இத்தாலியத் தேனீயின் அடையில் தீக்குச்சியை விட்டு எடுக்கும்போது கபம் போல நூலாக நீண்டால் அமெரிக்க அழுகல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்குள்ள எந்தப் பெட்டியையும், காலியானதைக்கூட, அந்தப் பருவத்தில் வாங்க வேண்டாம். விற்பவர் மறைக்கிறார் என்று எப்போதும் நினைக்க வேண்டியதில்லை, பலருக்குத் தெரிந்திருப்பதில்லை. கூட்டம் எப்போது இல்லாமல் போயிற்று, ஓடியதா செத்ததா, அப்போது அடையில் புழு இருந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் பெட்டியின் கதை பெரும்பாலும் தெரிந்துவிடும். தேன் வற்றிய மாதத்தில் ஓடிப்போன கூட்டத்தின் பெட்டி குற்றமற்றது. புழுவை விட்டுவிட்டு ஓடியது என்றால் யோசிக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை ஒவ்வொரு புதியவரும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நிலை மாற வேண்டும். நியூசிலாந்தில் தேன் பெட்டி வைக்கும் ஒவ்வோர் இடமும் பதிவு செய்யப்பட்டு அதற்கான குறியெண் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பயிற்சி நடத்துகின்றன. பழைய பெட்டிகளை வாங்கி, ஒரே இடத்தில் சுரண்டி வாட்டி, அளவு பார்த்து முத்திரையிட்டுப் புதியவர்களுக்கு விற்கும் பொறுப்பை இவர்களில் யாரேனும் எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஊதுவிளக்கு, ஒரு கொப்பரை, ஓர் அளவுச் சட்டம், ஒரு தச்சர் இருந்தால் அந்த வேலை நடக்கும். நம் தேனீ கூட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் மேய்கிறது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லாக் கூட்டங்களுக்கும் ஒருவர் வாங்கும் பெட்டியில் பங்கு உண்டு. அதுவரை, ரப்பர்ப் பகுதியில் தொடங்குகிறவர் தென்மேற்குப் பருவமழை ஓயும்போது பெட்டி தேடத் தொடங்கலாம். வாங்கியதைப் புரட்டாசி வெயிலில் காயவைத்து வாட்டி, கூட்டங்கள் பெருகிப் பிரியும் ஐப்பசி, கார்த்திகையில் தேனீயை ஏற்றினால், தளிர் விடும் மாசிக்குள் புழு அறை நிறைந்து மேலே தேன் அறை வைக்கும் நிலைக்குக் கூட்டம் வந்துவிடும். தேன் பருவம் தொடங்கிய பிறகு பெட்டிக்கு அலைகிறவருக்குப் பழையதும் புதிய விலைக்கே கிடைக்கும், வாட்டவும் நேரம் இருக்காது.